மேல ரெண்டு, கீழ ரெண்டு

வேடந்தாங்கல்
12.10.2023

நாத்தனார் ஜெயப்பிரியாவுக்கு அண்ணி துர்காதேவி எழுதறது.

இங்க நான், உங்க அண்ணன், மாமா, அதான் உங்கப்பா, மூணு பேரும் சொகமா கீறோம். நீ வேளைக்கு சாப்ட்டு, குளிருக்கு நல்லா போத்திகினு சொகமா இருக்கணும்.

இன்னாடா இது, ஞாயித்துக்கிழமையானா வீடியோல பேசறோமே, கடுதாசி எதுக்குன்னு கேப்ப. அந்த வீடியோல உங்க அண்ணன் மொகம் முக்கால்வாசி, மாமா மொகம் கால்வாசி. எனக்கு காதுதான் தெரியுது. நாத்தனாரும் அண்ணியும் நாலு வார்த்த தனியா பேச வேணாமா? அதான் போஸ்ட் ஆபீஸ் வந்துட்டேன்.

உங்க அண்ணன் கார்த்திக்கு இப்ப கால் பரவால்ல. லாரிதான் ஓட்ட முடியாது. டாடா ஏஸ் எடுத்துட்டாரு. மாமல்லபுரம் ஓட்டல்லேர்ந்து அழுக்குத் துணி மூட்டைய ஏத்திகினு செங்கல்பட்டு சலவைக்குப் போறது, வெளுத்தத திருப்பிப் போடறது. நான் வழக்கம்போல மிச்ச பெயிண்ட வெச்சு பீரோ கதவ நாசம் பண்ணிகினு கீறேன். அரிசி டிரம், பாத்ரூம் பக்கெட்டு எல்லாம் முடிஞ்சுது. மாமா சும்மா ஒக்காந்தா அவரு முதுகுலயும் அடிச்சிடுவேன்னு பயப்படறாரு.

லண்டன்ல அப்படி இன்னாதான் சொல்லித் தராங்க? எழுது.

உன் மேல உசுரா இருக்கற
அண்ணி


லண்டன்
5.11.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்க கடிதத்தைப் பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு. அப்பாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு? அண்ணன் மாத்திரை ஒழுங்கா போடறாரா?

என்ன படிக்கிறேன்னு கேட்டீங்க. சொன்னா சிரிப்பீங்க. நூத்துப் பத்து வருஷத்துக்கு முன்னாடி இங்க சில ஓவியர்கள் சேர்ந்து ஒரு பட்டறை போட்டாங்க. சுவத்துல மாட்டற படம் வரையறவங்க, திடீர்னு திரைச்சீலை, நாற்காலி, தட்டு, விளக்கு, கம்பளம்னு வீட்டுச் சாமானுக்கு இறங்கிட்டாங்க. கட்டம், வளைசல், கோணல் கோடுன்னு யாரும் பார்க்காத டிசைன். பெரிய மனுஷங்க எல்லாம் கேலி பண்ணினாங்களாம். ஆறு வருஷத்துல கடையை மூடிட்டாங்க. இப்போ அதையெல்லாம் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க. அதைப் பத்திதான் என் ஆய்வு.

ஒரு விசேஷம். அங்க யாரும் தன் பேரைப் போடக்கூடாது. எல்லா சாமானுக்கும் பட்டறையோட ஒரே ஒரு எழுத்துதான் முத்திரை.

முதல் நாள் அந்த நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு உங்க பீரோ ஞாபகம்தான் வந்தது. சத்தியமா. அண்ணி, உங்க டிசைன் எல்லாத்தையும் பேப்பர்ல அடிச்சு அனுப்புவீங்களா? முக்கியமா அண்ணன் கால் நீட்டற முக்காலில இருக்கே, நீளமா ஒரு வளைஞ்ச கோடு, மேல ரெண்டு புள்ளி, கீழ ரெண்டு புள்ளி, அது. ஆய்வுல உதாரணமா காட்டறேன்.

அன்புடன்
ஜெயா


வேடந்தாங்கல்
28.11.2023

ஜெயாவுக்கு,

நாங்க நல்லா கீறோம். நீயும் அப்படியே இருக்கணும். ஏரிக்கு பறவை வர ஆரம்பிச்சாச்சு, கூடவே கார்ல கேமராக்காரங்களும். மாமா ரோட்டோரம் நின்னுகினு எல்லாருக்கும் வழி சொல்றாரு, கேக்காதவங்களுக்கும்.

நீ கேட்ட டிசைன் மொத்தம் ஆறு, இதோட வெச்சிருக்கேன். எனாமல் பேப்பர்ல ஊறி பின்பக்கம் வந்துடும், அதனால போஸ்டர் கலர்ல அடிச்சேன்.

அது இன்னா கூத்து, பேரு போடாத பட்டறை? எங்கப்பா சின்னராசு மதுராந்தகம் ஷெட்டுல லாரிக்கு பெயிண்ட் அடிக்கும்போது நான்தான் கூட இருந்து டிசைன் அட்டை வெட்டுவேன், வெட்டின ஓட்டை வழியாதான் பெயிண்ட் அடிக்கறது. எக்ஸ்ரே ஷீட்டுலதான் வெட்டுவோம், அதுதான் கிழியாது. வேல முடிஞ்சா பின்பக்கம் ஓரமா ‘சின்னராசு ஆர்ட்ஸ்’, கீழ போன் நம்பர். அது போடாம ஒரு வண்டியும் ஷெட்ட தாண்டாது. செஞ்சவன் பேரு இல்லன்னா வண்டி அனாதைன்னு சொல்வாரு. நான் இதுவரைக்கும் எதுலயும் பேரு போட்டதில்ல, அது வேற விஷயம். நம்ம வூட்டு டிரம்முல நானே பேரு எழுதிக்கினா ஊரு சிரிக்காதா?

அந்த முக்காலி டிசைன் பெரிய கதை. கடுதாசில வேணாம், உங்க அண்ணனுக்குக் கூச்சம் வந்துடும். நேர்ல வா, சொல்றேன்.

அண்ணி


லண்டன்
20.1.2024
(அனுப்பாதது)

அண்ணி,

இதை அனுப்பப் போறதில்லைன்னு தெரிஞ்சேதான் எழுதறேன். நலமான்னு கேக்கக்கூட வாய் கூசுது.

முதல்ல உங்க டிசைனை ஆய்வுக்குன்னுதான் வாங்கினேன். அது பொய் இல்ல. டிசம்பர்ல ஒரு வீட்டுத்துணி கம்பெனி எங்க காலேஜ்ல போட்டி வெச்சாங்க. என்கிட்ட சொந்தமா எதுவுமே வரல. மூணு வாரம் வெள்ளைப் பேப்பரையே பார்த்துகிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் உங்க முக்காலி டிசைனை எடுத்து, சிவப்பை நீலமாக்கி, வரிசையா அடுக்கினேன். நிறத்தை மாத்திட்டேன், அடுக்கினது நான்தானேன்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன். படிவத்துல ‘வடிவமைத்தவர் பெயர்’னு ஒரே ஒரு கட்டம். அதுல என் பேரை எழுதினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல, அதான் இப்போ நினைச்சா அருவருப்பா இருக்கு.

முதல் பரிசு. துணியா அச்சடிக்கப் போறாங்க. கரையில என் பேர் வருமாம். நடுவர் ஒருத்தர், இந்த நாலு புள்ளி என்னன்னு கேட்டார். மாமல்லபுரம் கடல்னு ஆரம்பிச்சேன். கோடு அலையாம். மேல ரெண்டு போற படகு, கீழ ரெண்டு திரும்பி வர்ற படகாம். அண்ணி, எனக்கே தெரியாம அவ்வளவு அழகா வந்தது. எல்லாரும் கை தட்டினாங்க.

பேர் போடாதவங்களைப் பத்தி நாப்பது பக்கம் எழுதினவ நான். வெக்கங்கெட்டவ.


லண்டன்
23.1.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து, கொஞ்சம் தாமதம்தான். டிசைன் எல்லாம் பத்திரமா வந்தது. ரொம்ப உதவியா இருந்தது. பிராஜக்ட் நல்லபடியா முடிஞ்சது.

இங்க பனி. உங்களுக்கு ஒரு ஸ்கார்ஃப் பார்சல் அனுப்பியிருக்கேன். இன்னொரு நாள் விவரமா எழுதறேன்.

ஜெயா


வேடந்தாங்கல்
18.4.2024

ஜெயாக் கண்ணுக்கு,

நாங்க சொகம். உன் கடுதாசி நாலே வரி. படிப்பு அவ்ளோ கஷ்டமா? வீடியோலகூட என்ன பாக்காம பேசற. உடம்புக்கு ஏதாவதுன்னா மறைக்காத.

ஸ்கார்ஃப் வந்துச்சு. சித்திரை வெயில்ல அத கட்டிகினு போட்டோ எடுத்தோம், உங்க அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

இப்ப முக்கிய சேதி. மாமல்லபுரத்துல கல்பட்டறைக்குப் பக்கத்துல சிலை விக்கற அப்பாசாமி கீறாரு இல்ல, அவரு கடையில என் முக்காலி வெச்சிருக்காங்க! உங்க அண்ணன்தான் வண்டியில எடுத்துகினு போயி காட்டினாரு. அந்த மேல ரெண்டு கீழ ரெண்டு டிசைன்தான் வெள்ளக்காரங்களுக்குப் புடிக்குதாம். ஒரு அம்மா அஞ்சு வாங்கிட்டுப் போச்சாம். எனக்கு வயசு முப்பத்தாறு, மொத மொதல்ல வெளியாளு என் வேலைய கேட்டு வாங்கறாங்க. எல்லாம் நீ குடுத்த தைரியம். நீதானே லண்டன் நாற்காலியப் பாத்து அண்ணி பீரோ ஞாபகம் வந்துச்சுன்ன.

அண்ணி


லண்டன்
30.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? தாமதத்துக்கு மன்னிக்கணும். பரீட்சை, அலைச்சல்.

கடை விஷயம் கேட்டு சந்தோஷம். ஒரு யோசனை மட்டும். அந்த மேல ரெண்டு கீழ ரெண்டு டிசைனை இனிமே விக்காதீங்க அண்ணி. அது பழசாயிடுச்சு. உங்க கைக்குப் புதுசா எவ்வளவோ வருமே. நான் சொல்றேன்னு கேளுங்க.

அண்ணனுக்கும் அப்பாவுக்கும் அன்பு.

ஜெயா


வேடந்தாங்கல்
9.11.2024

ஜெயாவுக்கு,

எல்லாரும் இருக்கோம். நீ எப்படி கீற?

நீ சொன்னப்பவே நான் நிறுத்தியிருக்கணும். அப்பாசாமி அதத்தான் கேட்டாரு, நானும் செஞ்சுகினே இருந்துட்டேன்.

போன வாரம் அவரு கடைக்கு வரச் சொன்னாரு. உங்க அண்ணன் மூட்டை எடுக்கற ஓட்டல் கீது இல்ல, அத புதுசாக்கி அறுபது ரூமுக்கும் திரை மாத்தியிருக்காங்க. லண்டன் கம்பெனி டிசைனாம், துணி நம்ம கரூர்ல அச்சடிக்கறதாம். அந்த ஓட்டல் மேனேஜர் சியாமளா மேடம் கடையில என் முக்காலியப் பாத்திருக்காங்க. கையில திரைத்துணி ஒண்ணு எடுத்துகினு வந்தாங்க. பாத்தா அதே கோடு, அதே நாலு புள்ளி. கலரு மட்டும் நீலம்.

மேடம் நல்லவிதமாதான் பேசினாங்க. “இது வெளிநாட்டுல பரிசு வாங்கின டிசைன்மா. இப்படிக் காப்பி அடிச்சு விக்கறது தப்பு. கேஸாச்சுன்னா இவரு கடைக்குத்தான் பிரச்சினை. எழுதிக் குடுத்துட்டா இதோட விட்டுடலாம்”னாங்க. அப்பாசாமி என் மொகத்தையே பாக்கல. உளி சத்தம் வேற. சிலை வாங்க வந்தவங்க நாலு பேரு நின்னு வேடிக்கை பாத்தாங்க.

அவங்க சொல்லச் சொல்ல எழுதினேன். ‘இந்த டிசைன் என்னுடையது இல்லை. அடுத்தவர் உழைப்பைப் பார்த்துக் காப்பி அடித்தேன். தெரிந்தே செய்தேன். இனி செய்ய மாட்டேன்.’ கீழ கையெழுத்து போட்டேன். உங்க அண்ணன் வண்டிய ஓரங்கட்டிட்டு வர்றதுக்குள்ள முடிச்சுட்டேன். அவருகிட்ட முக்காலி விக்கலன்னு சொல்லி திருப்பி எடுத்துட்டு வந்தாச்சு.

துணிக் கரையில இங்கிலீஷ்ல யாரு பேரோ இருந்துச்சு. நான் கண்ணாடி எடுத்துகினு போகல.

வேளைக்கு சாப்பிடு.

அண்ணி


லண்டன்
28.11.2024

அண்ணி,

அன்புள்ளன்னு எழுத எனக்குத் தகுதி இல்ல.

உங்களுக்குக் கண்ணாடியே கிடையாது. எனக்குத் தெரியும். கரையில இருந்த பேர் என் பேர். நீங்க படிச்சுட்டீங்க. படிச்சுட்டுதான் கையெழுத்துப் போட்டீங்க.

ஜனவரியில எழுதி அனுப்பாம வெச்சிருந்த கடிதத்தை இதோட வெச்சிருக்கேன். நடந்தது எல்லாம் அதுல இருக்கு. விக்காதீங்கன்னு ஜூன்ல எழுதினேனே, அது உங்க மேல அக்கறையில இல்ல. மாட்டிக்குவேன்னு பயந்து எழுதினேன். உங்க டிசைனை நீங்களே செய்யக்கூடாதுன்னு உங்ககிட்டயே சொல்லியிருக்கேன். எந்த நாத்தனாரும் செய்யாத ஈனத்தனம் இது.

வீடியோல உங்க பக்கம் பார்க்காததுக்குக் காரணம் இதுதான். கம்பெனிகிட்ட சொன்னா பரிசு போகும், ஒருவேளை பட்டமும் போகும். ஒரு வருஷமா அந்த பயத்துல வாயை மூடிகிட்டிருந்தேன். என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க. திட்டுங்க அண்ணி. தயவுசெஞ்சு திட்டுங்க.

ஜெயா


வேடந்தாங்கல்
20.12.2024

ஜெயப்பிரியாவுக்கு,

சொகத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

திட்டச் சொன்ன. சரி. வேலியே பயிர மேஞ்ச கதையாப் போச்சு. கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சு கேட்டதெல்லாம் போஸ்டர் கலர் வாங்கி அடிச்சு அனுப்பினேன். நீ கேட்டிருந்தா எடுத்துக்கோன்னு குடுத்திருப்பேன்டி. கேக்கக்கூட தோணலயா உனக்கு?

‘ஜெயப்பிரியா திருவேங்கடம்’. கொட்டை எழுத்து. கரையப் புடிச்சுப் பாத்தேன், அப்படியே ரெண்டு மடிப்பா மடிச்சு கைக்குள்ள வெச்சுகினேன். ஏன் தெரியுமா? வெளிய உங்க அண்ணன் வண்டிக்கு எடம் தேடிகினு இருந்தாரு. உள்ள வந்திருந்தா மொத பார்வையிலேயே அவங்கப்பா பேரு கண்ணுல பட்டிருக்கும். என் தங்கச்சி லண்டன்ல படிக்குதுன்னு சலவைக்கடை வாட்ச்மேன்கிட்டகூட சொல்றவரு. உனக்காக இல்ல, அவருக்காகத்தான் அவ்ளோ அவசரமா எழுதினேன். இப்ப வெள்ளிக்கிழமையானா அவரு வண்டி திரும்பற வரைக்கும் வாசல்லயே நிக்கறேன். அன்னிக்கு அந்தத் திரையெல்லாம் மூட்டையா அவரு வண்டியிலதான் சலவைக்குப் போவுது. ஒரு மூட்டை அவுந்துச்சுன்னா முடிஞ்சுது.

படகாமே! சியாமளா மேடமும் அதத்தான் சொன்னாங்க. ரெண்டு போவுது, ரெண்டு வருதாம். நான் நின்னு கேட்டுகினேன்.

அது படகு இல்லடி. உங்க அண்ணன் கால் எலும்பு. படாளம் கூட்ரோட்டுல லாரி கவுந்துச்சே, அந்த எக்ஸ்ரே. நடுவுல வளைசல் உடைஞ்ச எடம். உள்ள கம்பி வெச்சு மேல ரெண்டு ஸ்க்ரூ, கீழ ரெண்டு ஸ்க்ரூ. மூணு மாசம் அவரு சுவத்தப் பாத்தே படுத்துகினு இருந்தாரு. சோறு வேணாம், பேச்சு வேணாம். தன் காலையே பாக்க மாட்டாரு. ஒரு நாளு அந்த எக்ஸ்ரேவ எடுத்து, எலும்ப ஒட்டியே வெட்டி, முக்காலியில செவப்பா அடிச்சு அவரு முன்னாடி வெச்சேன். “இதோ பாரு உன் காலு, அழகாத்தான கீது”ன்னேன். மொறச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. மூணு மாசம் கழிச்சு சிரிச்சாரு. மறுநாள் அதுல கால தூக்கி வெச்சு கஞ்சி கேட்டாரு. நேர்ல சொல்றேன்னேனே, அந்தக் கதை இதுதான்.

அந்த எக்ஸ்ரே ஷீட்ட இந்தக் கவர்ல வெச்சிருக்கேன் பாரு. வெட்டின ஓட்டை அப்படியே கீது. மூலையில அவரு பேரும் தேதியும் கீது, 2021. உன் பரிசுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. இத வெச்சுகினு இன்னா செய்யணும்னு உனக்கே தெரியும்.

எனக்கு உன் பரிசு வேணாம். நான் எழுதிக் குடுத்த அந்த சீட்டு வேணும். பொறந்ததுலேர்ந்து என் வேலையில நான் பேரு போட்டதே இல்ல. மொத தடவ போட்டது அதுலதான், என்னுது இல்லன்னு. அத வாங்கிக் குடு.

துர்காதேவி


லண்டன்
25.1.2025

அண்ணிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கறேன்.

கவரைப் பிரிச்சு அந்த ஷீட்டை ஜன்னல்ல வெச்சுப் பார்த்தேன். வெட்டின வழியா வெளிய இருக்கற மரம் தெரிஞ்சது. உட்கார்ந்துட்டேன். அந்தக் காலைப் பார்த்து அலைன்னு சொல்லியிருக்கேன் அண்ணி. அண்ணன் வலியில படுத்திருந்தப்போ நான் சென்னை ஹாஸ்டல்ல செமஸ்டர்னு ரெண்டே தடவைதான் வந்தேன். அதான் எனக்குத் தெரியல.

மறுநாளே கம்பெனிக்குப் போனேன். போட்டி நடத்தினவங்க, என் டீச்சர், எல்லாரும் இருந்தாங்க. ஷீட்டை மேஜையில வெச்சேன். இது என் டிசைன் இல்ல, என் அண்ணியோடது, படகுக் கதை நான் விட்டதுன்னு சொன்னேன். அன்னைக்குக் கை தட்டினவங்கதான் எல்லாரும். ஒருத்தர் மட்டும் ஷீட்டை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து ரொம்ப மெதுவா கீழ வெச்சார்.

பரிசை ரத்து பண்ணிட்டாங்க. காலேஜ்ல விசாரணை. ஆய்வு செல்லாது, பட்டம் இந்த வருஷம் கிடையாது. மார்ச்ல ஊருக்கு வரேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்.

ஓட்டலுக்குக் கம்பெனியே எழுதிட்டாங்க. சியாமளா மேடம் நீங்க எழுதின சீட்டை உங்களுக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பறாங்களாம், மன்னிப்பும் எழுதறாங்களாம். நீங்க சம்மதிச்சா மட்டும் துணி இனிமே உங்க பேர்ல வரும். கரையில பேரை எப்படிப் போடணும், டிசைனுக்கு என்ன அர்த்தம் எழுதணும்னு கேக்கறாங்க.

மன்னிப்புன்னு கேக்க எனக்கு வாய் வரல.

ஜெயா


வேடந்தாங்கல்
16.2.2025

ஜெயாவுக்கு,

மாமாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவல. நான் கீறேன். உனக்கும் உடம்பு நல்லா இருக்கட்டும்.

உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். ரிஜிஸ்டர் தபால் அவரு கையிலதான் கெடச்சுது, மறைக்க முடியல. “என் கால் எலும்ப அறுபது ரூம்ல மாட்டி வெச்சிருக்காங்களா”ன்னு மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் கரையில இருந்த பேரச் சொன்னேன். “நம்ம ஜெயாவா?”ன்னாரு. ரெண்டாந்தடவ கேக்கல. அன்னையிலேர்ந்து முக்காலியில கால் வெக்கறதில்ல, தரையில நீட்டிகினு ஒக்காந்திருக்காரு. ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேங்கறாரு. நான் வரேன், செங்கல்பட்டுலேர்ந்து எலக்ட்ரிக் டிரெயின் புடிச்சு.

பேரு கேட்டிருந்த. ‘துர்காதேவி சின்னராசு’. கரையில ஓரமா, கீழ போன் நம்பர். நம்பர் போட மாட்டோம்னு சொன்னாங்கன்னா துணியே வேணாம்னு சொல்லிடு. அர்த்தம் ஒண்ணும் எழுத வேணாம். திரைய இழுத்தா வெயில் மறைக்கணும், அவ்ளோதான்.

சீட்டு வந்ததும் அடுப்புல போடலாம்னுதான் எடுத்தேன். ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு பீரோல வெச்சுப் பூட்டிட்டேன். நீ வந்ததும் கை கால் கழுவி, சாப்ட்டு முடி. அப்புறம் உங்க அண்ணன் எதிர்ல நின்னு அத வாய் விட்டுப் படிக்கணும். ‘இந்த டிசைன் என்னுடையது இல்லை’லேர்ந்து ‘தெரிந்தே செய்தேன்’ வரைக்கும், முழுங்காம. அதுல ஒரு வார்த்தையும் மாத்தத் தேவையில்ல. கீழ என் கையெழுத்த மட்டும் அடிச்சுட்டு உன் கையெழுத்தப் போடு.

அண்ணி